கதைக்கு முகம் வரைகிறவர்கள்

(கோலா கெத்திலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்திய நாட்டார் கதைகளையும் வரலாற்றையும் சொல்லும் படக்கதைப் புத்தகங்களைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பேச்சைப் பம்பாயிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் பாலிங்கிலிருந்து தொடங்க விரும்புகிறேன். கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் இந்த ஊர் பாலிங் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு ராஜா நிற்கிறார். கோரைப்பல் முளைத்த ராஜா.

கெடாவை ஆண்ட அந்த மன்னருக்கு ஒருநாள் சமையல்காரி கீரை சமைக்கிறாள். அரியும்போது கத்தி விரலில் பட்டு ஒரு சொட்டு இரத்தம் கீரையில் விழுந்துவிடுகிறது. வேறு சமைக்க நேரமில்லை. ராஜா சாப்பிடுகிறார்; அதுவரை அறியாத ருசி. இதில் என்ன சேர்த்தாய் என்று மிரட்டிக் கேட்கிறார். அவள் நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொல்கிறாள். அன்றுமுதல் ராஜாவுக்கு மனித இரத்தம் வேண்டும். முதலில் கைதிகள் பலியாகிறார்கள், பிறகு ஒரு குற்றமும் செய்யாதவர்கள். வாயில் கோரைப்பல் வளர்கிறது. பொறுத்துப் பார்த்த அமைச்சர்களும் மக்களும் கடைசியில் எதிர்த்து எழ, ராஜா காட்டுக்குள் ஓடுகிறார். ஓடும் வழியில் தன் பல்லைப் பிடுங்கி வீசிய இடம்தான் பாலிங் (மலாயில் 'வீசு' என்று பொருள்) என்பது ஊர் வழக்கு. ராஜா பெர்சியோங் கதை இது. கெடாவின் பழைய நூலான 'ஹிகாயாட் மெரோங் மகாவங்சா'வில் இந்த ராஜா வருகிறார். கெடாவில் பிறந்த நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் இந்தக் கதையைத் திரைக்காக எழுதினார். ஜமில் சுலோங் இயக்கத்தில் 1968-இல் அது படமாக வந்தது.

இதை நாம் படக்கதையாக வரைவதாக வைத்துக்கொள்வோம். முதல் பக்கத்தில் அரசவையை வரையக் கூடாது, அடுப்படியைத்தான் வரைய வேண்டும். ஒரு பலகை, ஒரு கட்டுக் கீரை, ஒரு கத்தி, ஒரு பெண்ணின் கை. முகம் வேண்டாம். அடுத்த கட்டத்தில் அதே பலகை, அதே கீரை, அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி. அதுவரை புத்தகத்தில் எங்குமே சிவப்பு வராமல் பார்த்துக்கொண்டால் பிள்ளையின் கண் அங்கே நின்றுவிடும். கோரைப்பல்லை எப்போது காட்டுவது? வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் ராஜா கண்ணாடியைக் கையில் எடுக்கிறார். பக்கத்தைத் திருப்பினால்தான் பல் தெரியும். சினிமாவில் நேரத்தை இயக்குநர் நடத்துகிறார். படக்கதையில் பக்கத்தைத் திருப்பும் பிள்ளையின் விரல்தான் நேரத்தை நடத்துகிறது. பயந்த பிள்ளை மெதுவாகத் திருப்பும். ஆவல் கொண்ட பிள்ளை வெடுக்கென்று திருப்பும். இதை அறிந்து பக்கத்தை அமைக்கிறவரே நல்ல படக்கதைக்காரர்.

ஹிகாயாட்டில் கதை இதோடு முடிவதில்லை. ஓடிப்போன ராஜா காட்டோரத்தில் ஒரு குடியானவர் வீட்டில் ஒதுங்கி, அந்த வீட்டுப் பெண்ணை மணந்துகொள்கிறார். அவர்களுக்குப் பிறந்த பையனை, அரசன் இல்லாமல் தவிக்கும் நாட்டுக்காக, கெமாலா ஜோஹாரி என்ற யானை தேடிப் போய் அழைத்து வருகிறது. இதைக் கேட்டதும் இங்கே உள்ள பாட்டிமார்களுக்கு, பட்டத்து யானை மாலை போட்டு ராஜாவைத் தேர்ந்தெடுக்கும் நம் கதை நினைவுக்கு வந்திருக்கும். கரிகாலனையும் ஒரு யானைதான் கண்டுபிடித்து அரியணைக்குக் கொண்டுவந்தது என்று தமிழ் மரபு சொல்கிறது. அதே ஹிகாயாட்டின் தொடக்கத்தில் கருடன் வருகிறது. அது வாழும் லங்காபுரித் தீவு, ராமனும் அனுமனும் நடத்திய போருக்குப் பின் ஆளரவமற்றுக் கிடக்கும் தீவு. இந்தியக் கதை எது, கெடாக் கதை எது என்று இந்த மண்ணில் கோடு கிழிக்க முடியாது. இந்தக் கலப்பு நம் பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் சொத்து. ஆனால் அவர்கள் கையில் இருக்கும் படக்கதைகள் பெரும்பாலும் வேறு ஊரில் நின்று, வேறு ஊர்ப் பிள்ளைகளை நினைத்து வரையப்பட்டவை. இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: நாம் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் கதை எப்படித் தெரியுமோ, அப்படி வரைந்த புத்தகங்கள் நமக்கு வேண்டும்.

வந்த புத்தகங்களுக்கு முதலில் நன்றி சொல்லியாக வேண்டும். படத்தோடு கதை நம்மிடம் வந்தது இன்று நேற்றல்ல. சென்னையில் பி. இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் அச்சிட்ட 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள் நினைவிருக்கிறதா? நல்லதங்காள், அல்லி அரசாணி, தேசிங்கு ராஜன், மதுரை வீரன், விக்கிரமாதித்தன். கொஞ்சமாகப் படிக்கத் தெரிந்தவரும் எழுத்துக்கூட்டி வாசிக்கும்படி பெரிய எழுத்து. இடையிடையே கறுப்பு மசியில் படங்கள். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர்களின் டிரங்குப் பெட்டிகளில் வேட்டி சேலையோடு இவையும் வந்தன. பால்மரம் வெட்டிவிட்டு வந்து, மாலையில் லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, வாசலில் ஒருவர் ராகம் போட்டு வாசிக்க, சுற்றி உட்கார்ந்து மற்றவர்கள் கேட்டார்கள். படம் கைமாறிக் கைமாறிச் சுற்றி வரும். புத்தகம் ஒன்று, வாசகர்கள் ஒரு லயம் முழுக்க.

1947 ஜூலையில் சென்னையில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய இதழைத் தமிழில் 'அம்புலிமாமா' என்று அறிவோம். அதைப் படக்கதை என்று கறாராகச் சொல்ல முடியாது. படம் நிறைந்த கதை இதழ். ஆனாலும் ஒரு படத்தின் வலிமை என்ன என்பதை அதைவிட நன்றாகக் காட்டியது வேறில்லை. விக்கிரமாதித்தன் என்றதும் உங்கள் மனத்தில் வருவது என்ன? உருவிய வாளோடு நடக்கும் ராஜா, தோளில் தொங்கும் பிணம், அதற்குள்ளிருந்து பேசும் வேதாளம், காலடியில் மண்டையோடுகள். அந்தக் காட்சியை நம் கண்ணில் பதித்தவர் ஓவியர் சங்கர். தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் 1924-இல் பிறந்து, 2020-இல் மறைந்தார். விக்கிரமாதித்தனை அவரும் பார்த்ததில்லை, நாமும் பார்த்ததில்லை. ஆனால் இனி யார் வந்து வேறு மாதிரி வரைந்தாலும் நம் தலைமுறை ஒப்புக்கொள்ளாது. ஒரு கதைக்கு முதலில் முகம் வரைகிறவருக்கு அவ்வளவு அதிகாரம் இருக்கிறது.

அந்த அதிகாரத்தை மிகப் பெரிய அளவில் கையாண்டவர் அனந்த் பை. கர்நாடகத்துக் கார்க்களாவில் 1929-இல் பிறந்தவர். 1967-இல் தில்லியில் ஒரு தொலைக்காட்சி வினாடி வினாவைப் பார்த்ததாகவும், கிரேக்கத் தெய்வங்களைப் பற்றிய கேள்விக்குப் பதில் சொன்ன மாணவர்களுக்கு ராமனின் தாய் யார் என்று தெரியவில்லை என்றும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே ஆண்டில் பம்பாயில் இந்தியா புக் ஹவுஸ் வெளியீடாக 'அமர் சித்திரக் கதை' தொடங்கியது. முதல் 10 இதழ்கள் மேல்நாட்டுத் தேவதைக் கதைகள். 11-ஆவதாக வந்த 'கிருஷ்ணன்'தான் முதல் இந்தியக் கதை. வரைந்தவர் ராம் வாயீர்க்கர். அதன்பின் 400-க்கு மேற்பட்ட தலைப்புகள், தமிழ் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட மொழிகள். கண்ணகி வந்தாள், ராஜராஜ சோழன் வந்தார், தெனாலிராமன் வந்தார், பாரதியார் வந்தார். கடல் கடந்து வாழும் நம் போன்ற குடும்பங்களில், கதை சொல்லப் பாட்டி இல்லாத வீடுகளில், அந்த மெல்லிய புத்தகங்கள் செய்த வேலை சாதாரணமானது அல்ல. அனந்த் பை 2011-இல் மறைந்தார். அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இதை நான் மனமாரச் சொல்கிறேன்.

பிள்ளைகள் இங்கே கொஞ்சம் கவனமாகக் கேட்க வேண்டும். அனந்த் பை 1980-இல் 'டிங்கிள்' என்ற சிறுவர் இதழையும் தொடங்கினார். அதற்குத் திருச்சியிலிருந்து பி. வரதராஜன் என்ற வாசகர் சில கதைகளை எழுதி அனுப்பினார். சொன்னதைச் சொன்னபடியே செய்து எசமானரைச் சங்கடத்தில் மாட்டிவிடும் ஒரு வெள்ளந்தி வேலைக்காரனைப் பற்றிய, தமிழ்நாட்டில் வாய்வழியாகப் புழங்கிய கதைகள். ஆசிரியர் குழு அவற்றை எடுத்துக்கொண்டது. கிருஷ்ணனை வரைந்த அதே ராம் வாயீர்க்கர் அந்த வேலைக்காரனுக்கு நீண்ட மண்டையும் குச்சி உடம்பும் கொடுத்தார். 1983-இல் அச்சான அவன்தான் சுப்பாண்டி. இன்று இந்தி பேசும் பிள்ளைக்கும் வங்காளம் பேசும் பிள்ளைக்கும் சுப்பாண்டியைத் தெரியும். எங்கோ திண்ணையில் சொல்லிக்கொண்டிருந்த ஒரு கதையை ஒருவர் தாளில் எழுதி அஞ்சலில் போட்டார். நடந்தது அவ்வளவுதான். கோலா கெத்திலிலும் அஞ்சல் நிலையம் இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது குறை. நன்றியோடுதான் சொல்கிறேன். 'அமர் சித்திரக் கதை'யின் 32 பக்கங்களில், பக்கத்துக்கு ஐந்தாறு கட்டங்களில் ஒரு வாழ்க்கை முழுவதும் அடங்க வேண்டும். எதை விடுவது என்ற முடிவு ஒவ்வொரு கட்டத்திலும் எடுக்கப்படுகிறது. ஒரு கதைக்குப் பத்து வடிவங்கள் இருந்தால் ஒன்றுதான் அச்சாகிறது. அச்சான ஒன்று பிறகு ஒரே உண்மை ஆகிவிடுகிறது. அடுத்தது நிறம். நல்லவர்கள் வெளுப்பாகவும், அரக்கர்களும் அடியாட்களும் கறுத்துப் பருத்தும் வருவதைப் பற்றி நந்தினி சந்திரா, கார்லைன் மெக்லெய்ன் போன்ற ஆய்வாளர்கள் விரிவாக எழுதியிருக்கிறார்கள். ஆய்வு நூல் படிக்காமலே இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓவியப் போட்டிகளில் நம் பிள்ளைகள் கண்ணனுக்கு நீலம் தீட்டுகிறார்கள், சரி. மதுரை வீரனுக்கு? வண்ணப் பெட்டியில் துழாவி, இளஞ்சிவப்புப் பென்சிலை எடுக்கிறார்கள். தீட்டுகிற கை கறுப்பு. தீட்டப்படும் வீரன் ரோஜா நிறம். அந்தப் பிள்ளைக்கு யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்த படங்கள் சொல்லிக் கொடுத்துவிட்டன.

மதுரை வீரன் என்று சொன்னேன். கெடாத் தோட்டங்களில் மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் அடுத்து நம்மோடு வந்து குடியேறிய தெய்வம் அவர். கையில் அரிவாள், முறுக்கு மீசை, இருபுறமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். அவர் கதையைப் படக்கதையாக்க உட்கார்ந்தால் முதல் கட்டத்திலேயே ஓவியர் திணறுவார். வீரன் யார் வீட்டுப் பிள்ளை? அருந்ததியர் வீட்டில் பிறந்தவர் என்று சொல்லும் மக்கள் மரபு உண்டு. காசி ராஜாவுக்குப் பிறந்து, காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் தம்பதியர் எடுத்து வளர்த்ததாகச் சொல்லும் அச்சு வடிவமும் உண்டு. 1956-இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படம் இந்த இரண்டாவது வழியில் போனது. அரச குமாரியைக் காதலித்தவனும் அரசனுக்காகப் போர் செய்தவனும் பிறப்பால் அரச வம்சமாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரோ ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார்கள். முதல் கட்டத்தில் அரண்மனையை வரைகிறவர் அந்த நினைப்புக்குக் கையெழுத்துப் போடுகிறார். குடிசையை வரைகிறவர் வேறொன்றைச் சொல்கிறார். என்னைக் கேட்டால் குடிசையைத்தான் வரைவேன். பிறந்த குடிசையிலிருந்து எழுந்து நின்றவராக அவரைப் பார்க்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் நிமிர்வு, தொலைந்துபோன இளவரசன் கதையில் கிடைக்காது. மற்ற வடிவத்தையும் மறைக்க வேண்டாம். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், இந்தக் கதையை வேறு மாதிரியும் சொல்வார்கள் என்று நான்கு வரி போடுங்கள். பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள்.

வேறு வழியில் வரையலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது. டாக்டர் அம்பேத்கரின் வாழ்க்கையை 'அமர் சித்திரக் கதை' 1979-இல் வெளியிட்டது. அதே வாழ்க்கையை 2011-இல் நவயானா பதிப்பகம் 'பீமாயனா' என்ற பெயரில் கொண்டுவந்தபோது, மத்தியப் பிரதேசத்துக் கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் இருவரும் வரைந்தார்கள். கதாபாத்திரங்களைக் கட்டங்களுக்குள் அடைக்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். பக்கம் முழுக்கக் காற்றோட்டமாகத் திறந்து கிடக்கிறது. தங்கள் வீட்டுச் சுவர்க்கோலங்களைக் கொண்டு இடத்தைப் பிரிக்கிறார்கள். பேச்சுக் குமிழியைப் பாருங்கள். அன்பாகப் பேசுகிறவர் சொல் பறவை வடிவில் வருகிறது. தீண்டாமை பேசுகிறவன் சொல்லுக்குத் தேளின் கொடுக்கு. சிறுவன் பீமாவுக்கு, அதாவது அம்பேத்கருக்கு, தண்ணீர் மறுக்கும் வாசகம் அந்தக் கொடுக்கோடு வரும்போது, அது கொட்டுகிற வலியைப் படிக்கத் தெரியாத பிள்ளையும் உணரும். அதே ஆண்டில் சென்னைத் தாரா புக்ஸ் வெளியிட்ட 'சீதாவின் ராமாயணம்' இன்னொரு சான்று. எழுதியவர் சம்ஹிதா ஆர்னி. வங்காளத்துச் சுருள் ஓவிய மரபைச் சேர்ந்த மொய்னா சித்ரகார் வரைந்தார். போரில் வென்றவர்களின் கண்ணால் பார்க்காமல், அசோகவனத்தில் காத்திருந்தவளின் கண்ணால் பார்த்த ராமாயணம் அது. யார் வரைகிறார், எங்கே நின்று வரைகிறார் என்பதைப் பொறுத்துப் பழைய கதை புதுக்கதை ஆகிறது.

இப்போது கடாரத்துக்கு, அதாவது பழைய கெடாவுக்கு, வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன்.

இங்கிருந்து சுங்கைப்பட்டாணி போய், மெர்போக் பக்கம் திரும்பினால் பூஜாங் பள்ளத்தாக்கு. தலைக்கு மேலே ஜெராய் மலை. கடலில் வந்த கப்பல்களுக்கு அந்த மலைதான் அடையாளம். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் இறங்கிய பண்டங்களில் காழகத்திலிருந்து வந்தவையும் உண்டு. அந்தக் காழகம் கடாரமே என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் பொருள் கொண்டார். 1930-களில் தொல்லியலாளர் குவாரிட்ச் வேல்ஸ் தன் மனைவி டோரதியோடு இங்கே வந்து கோயில் அடித்தளங்களைத் தோண்டி எடுத்தார். 2009 முதல் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழ்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் வெளிவந்தன. சுங்கைப்பட்டாணியைச் சேர்ந்த டத்தோ வீ. நடராஜன் பல்லாண்டு உழைத்து எழுதிய 'சோழன் வென்ற கடாரம்' நூலை இங்குள்ள ஆசிரியர்கள் அறிவார்கள். அறியாதவர்கள் அவசியம் தேடிப் படியுங்கள்.

இந்த வரலாற்றில் ஒரு படக்கதைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. சுமார் 1006-இல், கடாரத்து அரசர் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை பெயரால் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற புத்தப் பள்ளியை எழுப்புகிறார். சைவரான ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடையாகக் கொடுக்கிறார். அந்தக் கொடையைச் சொல்லும் 21 செப்பேடுகள் பிறகு நெதர்லாந்து போய்ச் சேர்ந்து, லைடன் செப்பேடுகள் என்று பெயர் பெற்றன. இருபது ஆண்டுகள்கூட முழுதாகக் கழியவில்லை. 1025-இல் ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் கடல் கடந்து படை அனுப்புகிறார். கடாரத்தையும் ஆண்ட ஸ்ரீவிஜயப் பேரரசு தாக்கப்படுகிறது, கடாரம் வீழ்கிறது, அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் பிடிபடுகிறான். அவனுடைய யானைகளையும் கருவூலத்தையும் வித்தியாதர தோரணம் என்ற வாயிலையும் கைப்பற்றியதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு ஊர் ஊராகப் பட்டியலிட்டுச் சொல்கிறது. பிறகு 1090-இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், கடாரத்தரசரின் தூதர்கள் மீண்டும் சோழ அவைக்கு வந்து அதே விகாரத்துக்காகப் பேசுகிறார்கள். தந்தை கொடுத்த ஊர், மகன் அனுப்பிய படை, பின்வந்தவர் ஏற்ற தூது. நட்பும் பகையும் வணிகமும் ஒரே கயிற்றில் முறுக்கிக் கிடக்கின்றன.

ராஜேந்திரனைக் கடாரம் கொண்டான் என்று பெருமையாகச் சொல்கிறோம். நானும் சொல்லி வளர்ந்தவன். ஆனால் அந்தப் படத்தை ஒரு நிமிடம் கற்பனை செய்யுங்கள். தமிழ்நாட்டில் வரைந்தால் கப்பல் பெரிதாக இருக்கும். முன்னணியில் புலிக்கொடி, வீரர்கள், விரிந்த பாய். கடாரம் தூரத்தில் ஒரு கோடாகத் தெரியும். கோலா கெத்தில் பிள்ளை அந்தப் படத்தில் எங்கே நிற்கிறான்? மொழியால் கப்பலில் இருக்கிறான். வீட்டால் கரையில் இருக்கிறான். அவன் வீட்டுக் கிணறும் அவன் விளையாடும் திடலும் அந்தக் கரையில் இருக்கின்றன. அவன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கும் மலாய்ப் பிள்ளைக்கும் அதே கரைதான். ஆகவே நமக்கு இரண்டு படம் வேண்டும். ஒரு பக்கத்தில் கப்பலிலிருந்து தெரியும் ஜெராய் மலை. எதிர்ப் பக்கத்தில், மூடா ஆற்று முகத்துவாரத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருக்கும் ஒரு பெண், கடலில் எழும் பாய்களை எண்ணிப் பார்க்கிறாள். இந்த இரண்டாவது பக்கத்தை வரைய இந்த மண்ணில் வாழ்கிறவரால்தான் முடியும்.

வரையும்போது பொய் வரைந்துவிடக் கூடாது. கடாரத்துக் கோயில் என்றதும் தஞ்சாவூரைப் போலக் கல் விமானத்தை எழுப்பிவிடுவார்கள். நம் பிள்ளைகளைப் புக்கிட் பத்து பகாட் கோயிலுக்கு அழைத்துப் போய் நிறுத்துங்கள். கருங்கல் அடித்தளம் இருக்கிறது. முன்மண்டபத்தில் தூண் நட்ட பீடக்கற்கள் வரிசையாக இருக்கின்றன. தூணைக் காணோம், கூரையைக் காணோம். ஏனென்றால் அவை மரம். மழையும் கரையானும் தின்றுவிட்டன. ஆக அங்கே மரத்தூணும், இந்த நாட்டு மழைக்கு ஏற்ற கூரையும் வரைய வேண்டும். ஒரு பிள்ளை அந்தப் பீடக்கல்லைத் தொட்டுப் பார்த்து, இதன்மேல் என்ன மரம் நின்றிருக்கும் என்று கேட்டுவிட்டால் போதும். வரலாற்றுப் பாடம் அங்கே தொடங்கிவிட்டது.

அந்தக் கற்களும் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். 2013-இல் சுங்கை பத்துவில் 11-ஆம் எண் கொண்ட சண்டி, அதாவது பழங்கோயிலின் எச்சம், வீடமைப்பு நிறுவனம் ஒன்று நிலத்தைச் சமன் செய்தபோது இடிக்கப்பட்டது. ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டியதாகச் சொல்லப்பட்ட செங்கல் மண்ணாகிப் போனது. செய்தி வெளிவந்து நாடே பேசியபோது அது முடிந்த கதை. அந்த இடத்தைப் பற்றி ஒரு படக்கதை சுற்றுவட்டாரப் பள்ளிகளில் புழங்கியிருந்தால், அங்கே வேலை செய்த ஓட்டுநரின் பிள்ளையாவது வீட்டில் சொல்லியிருக்கும் அல்லவா?

கல்வெட்டுக் காலத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த, ஜப்பானியப் படை போட்ட சயாம் மரண ரயில் பாதை, 415 கிலோமீட்டர். போர்க்கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் அங்கே மடிந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போலப் பல மடங்கு. அவர்களில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஏராளம். அந்தப் பாதையின் குவாய் நதிப் பாலத்தைப் பற்றி 1957-இல் வந்த உலகப் புகழ் பெற்ற ஆங்கிலப் படம் போர்க்கைதிகளின் கதையைச் சொன்னது. நம்மவர் கதையை அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', சுங்கைப்பட்டாணியில் வாழும் கோ. புண்ணியவானின் 'கையறு' போன்ற நாவல்கள் சொல்லியிருக்கின்றன. இதைப் படமாக வரையலாமா, பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று தயங்குகிறவர்கள் இருப்பார்கள். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தபோது கெய்ஜி நாகசாவாவுக்கு வயது ஆறு. தகப்பனையும் உடன்பிறப்புகளையும் பறிகொடுத்த அவர் 1973-இல் 'வெறுங்கால் கென்' என்ற படக்கதையை ஒரு சிறுவர் வார இதழில்தான் தொடங்கினார். யூத இனப் படுகொலையில் உயிர்தப்பிய தன் தந்தையின் கதையை ஆர்ட் ஸ்பீகல்மன் எலிகளும் பூனைகளுமாக வரைந்த 'மௌஸ்' 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்றது. துயரத்தை மரியாதையோடு வரைந்தால் பிள்ளைகளும் மரியாதையோடு வாங்கிக்கொள்வார்கள்.

சிறிய ஊர்க் கதையை வெளியே யார் படிப்பார்கள் என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. பேராக் மாநிலத்துக் கோப்பெங் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்த ஓவியர் லாட், தான் பிறந்த வீட்டையும் ஈயம் தோண்டும் கப்பலையும் ஆற்றையும் வைத்து 1979-இல் 'கம்போங் பாய்' படக்கதையை வரைந்தார். உலகம் முழுவதும் படிக்கிறது.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அச்சகம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். எட்டு ஏ4 தாள்களை நடுவில் மடித்து ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 32 பக்கம். 'அமர் சித்திரக் கதை'க்கும் அதே 32 பக்கம்தான். தலைமையாசிரியர்களே, ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கதை கொடுங்கள். ஒரு குழு ராஜா பெர்சியோங்கை வரையட்டும். ஒரு குழு தோட்டத்து மதுரை வீரன் கோயில் எப்படி வந்தது என்று விசாரித்து வரையட்டும். ஒரு குழு சூடாமணி விகாரத்தை எடுத்துக்கொள்ளட்டும். கதை சொன்னவர் பெயர், அவர் வேலை செய்த தோட்டத்தின் பெயர், சொன்ன தேதி மூன்றையும் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். படம் கோணலாக இருந்தால் இருக்கட்டும். வீரனின் தோலுக்கு வண்ணம் தீட்டும்போது மட்டும் பிள்ளையின் கையைப் பிடித்து, உன் நிறத்தைத் தேர்ந்தெடு என்று சொல்லுங்கள். கடைத்தெருவில் ஒளிநகல் எடுத்துப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் ஆளுக்கொரு படி அனுப்புங்கள். மலாயில் நான்கு வரிச் சுருக்கம் சேர்த்துத் தேசியப் பள்ளிகளுக்கும் அனுப்புங்கள்.

கடைசியாக, இங்கே வந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டம் செம்பனையாகவும் தாமான் குடியிருப்பாகவும் மாறிவிட்டது. லயம் இருந்த இடத்தில் லயம் இல்லை. அங்கே நடந்த காமன் கூத்தும், காலையில் ஆள் எண்ணிய பிரட்டுக்களமும், சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களும் இப்போது உங்கள் நினைவில் மட்டுமே இருக்கின்றன. அடுத்த வாரம் ஒரு பிள்ளை நோட்டும் பென்சிலுமாக உங்கள் வீட்டுக்கு வரும். தெரியாது, மறந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உட்காரவைத்து, நினைவில் இருப்பதை இருக்கிறபடியே சொல்லுங்கள்.